ஹூக்க தூக்கிட்டு ரோப் ஸ்லைடர் மாட்டினேன், டோசைட் சூப்பர் ஆனா விலா எலும்பு காலி... தப்பு கயித்துலயா என்கிட்டயா?

உப்புக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் மொத தடவ கேள்வியோட வர்றேன். கைட் ஓட்ட (பெரிய பட்டம் இழுக்க தண்ணியில போர்டு மேல போறது) ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுல ஒன்றரை வருஷம் ட்வின் டிப் (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போற போர்டு), கடைசி ஆறு மாசமா ஸ்ட்ராப் இல்லாத சர்ஃப்போர்டு. போர்டு மாறினதுமே ஹார்னஸ்ல (இடுப்பு பெல்ட்) கைட்ட மாட்டற ஹூக் மேல கடுப்பு வர ஆரம்பிச்சிடுச்சு. டோசைட்ல, அதாவது குதிகால் பக்கம் இல்லாம கால்விரல் பக்கம் சாஞ்சு போறப்ப, இடுப்பு ஒரு பக்கம் திரும்புது, கைட் வேற பக்கம் இழுக்குது, நடுவுல மாட்டிக்கிட்ட ஹார்னஸ் அப்டியே திருகிக்கிட்டு போய் ஹூக் இடுப்பெலும்புகிட்ட நிக்குது. போதாததுக்கு போர்டு மேல குப்புற படுத்த ரெண்டு தடவயும் ஹூக் டெக்ல (போர்டோட மேல்பரப்பு) குத்தி ரெண்டு பள்ளம். ரெண்டாவது பள்ளத்த பாத்தப்பதான் முடிவு பண்ணேன், ஹூக் வேணாம்டா சாமின்னு.

அதனால ஹூக் இருந்த ஸ்ப்ரெட்டர் பார (ஹார்னஸ் முன்பக்கம் குறுக்க வர்ற பார்) கழட்டிட்டு, ரோப் ஸ்லைடர் பார் வாங்கி அதே வெய்ஸ்ட் ஹார்னஸ்ல மாட்டினேன். ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு டைனீமா (ரொம்ப பலமான செயற்கை நார்) கயிறு, அதுல ஒரு ஸ்டீல் வளையம் ஓடுது, சிக்கன் லூப், அதாவது கைட்ட ஹார்னஸோட இணைக்கற லூப், அந்த வளையத்துல. மூணு தடவ ஓட்டியாச்சு, மூணுமே 9 சதுர மீட்டர் கைட், 18 நாட் பக்கம் காத்து.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். டோசைட் வேற லெவல். வளையம் பாட்டுக்கு போற பக்கம் நகந்துக்குது, இடுப்பு ஃப்ரீயா திரும்புது, ஹீல்சைட்ல (குதிகால் பக்கம் சாஞ்சு) காத்து வர்ற திசைய நோக்கி ஏறறப்ப கூட உடம்பு முன்னாடி பாத்து நிக்குது, முன்ன மாதிரி கழுத்த மட்டும் திருப்பி பாக்க வேண்டியதில்ல.

கெட்டது என்னன்னா, பத்து நிமிஷத்துல பார் மேல ஏறி விலால வந்து உக்காந்துக்குது. ஹூக் இருந்தப்ப கொஞ்சம் ஏறும், இப்டி ஏறாது. மூணாவது நாள் ராத்திரி பொரண்டு படுக்க முடியல. அப்புறம் கைட்ட திருப்ப கையில பிடிக்கற கண்ட்ரோல் பார் ஒரு நாலு விரக்கட தள்ளி போன மாதிரி இருக்கு, கை நீட்டி நீட்டி தோள்பட்ட வலிக்குது. இன்னொன்னு, கயித்துல வளையம் ஓடற எடத்துல லேசா பஞ்சு மாதிரி சிலுத்துக்கிட்டு நிக்குது. மூணே செஷன்ல இப்டி ஆகுமா? இது சரியா வருமா இல்ல பழைய ஹூக்குக்கே போயிடவா?

கொக்கிக்காரன்

தம்பி, போயிடுங்க. பன்னெண்டு வருஷமா ஹூக்லதான் ஓட்டுறேன், ஒரு நாளும் இந்த தலவலி கெடையாது. புதுசா எது வந்தாலும் வாங்கி மாட்டிக்கிட்டு அப்புறம் விலா வலிக்குது தோள் வலிக்குதுன்னா என்ன பண்றது.

சும்மா திட்டுறதுக்கு சொல்லல, காரணம் இருக்கு. ஹூக்ல இருந்தா கைட்ட இன்னொருத்தர் கைக்கு மாத்தறது ஒரு செகண்ட் வேல, லூப்ப எடுத்து அவங்க ஹூக்ல போட்டா முடிஞ்சுது. கத்துக்குடுக்கற எடத்துல எல்லாம் இன்னும் ஹூக்தான் வெச்சிருக்காங்கன்னா இதுக்குத்தான். தனியா எறக்கணும்னா லூப்ப கழட்டி ஒரு ஆங்கர்ல மாட்டிட்டு நடந்து போயிடலாம். உங்க வளையத்துல அத பண்ணணும்னா ரிலீஸையே (ஆபத்துல லூப்ப தொறந்து விடற பூட்டு) தொறக்கணும். ட்வின் டிப்ல பெருசா குதிக்கறவங்கள கவனிங்க, நெறய பேர் இன்னும் நிலையான ஹூக்தான், காத்துல தொங்கறப்ப இழுக்கற புள்ளி இப்டி அப்டி ஓடுனா அவங்களுக்கு ஆகாது.

டெக்ல பள்ளம் விழுந்தது மட்டும் நியாயமான கம்ப்ளெய்ண்ட். அதுக்கு பதில் இல்ல என்கிட்ட.

மேக்காத்து

அண்ணே சொல்ற ஹேண்டோவர், லேண்டிங் விஷயம் எல்லாம் சரி. ஆனா விலா வலிக்கும் கயித்துக்கும் சம்பந்தம் கம்மிங்க, அத பிரிச்சு பாக்கணும்.

கைட் எப்பவும் மேலயும் முன்னாடியும்தான் இழுக்கும், தலைக்கு நேர் மேல வெச்சீங்கன்னா நேரா மேலதான். ஹார்னஸ்ல எது லூசா இருக்கோ அது மேல போகும், அது ஹூக்கா கயிறான்னு கைட்டுக்கு தெரியாது. உப்புக்காத்து, ஒண்ணு பாருங்க: புது பார் பழைய பாரோட அதே அகலமா? இந்த பார் எல்லாம் 20, 25, 30 செ.மீ அந்த மாதிரி சைஸ்ல வரும். இடுப்புக்கு பெரிய சைஸ் மாட்டிட்டா, வார இழுக்க இழுக்க ஹார்னஸோட ரெண்டு ஓரமும் பார் முனைய வந்து முட்டிடும், அதுக்கப்புறம் நீங்க என்னதான் தம் கட்டி இழுத்தாலும் டைட் ஆகாது. டைட்டா இருக்கற மாதிரி கைக்கு தெரியும், உண்மையில வார் முடிஞ்சு போயிருக்கும். இறுக்கி முடிச்சப்புறம் ரெண்டு பக்கமும் ஒரு மூணு விரலாவது போற மாதிரி இடைவெளி மிச்சம் இருக்கணும், இல்லன்னா சைஸ் தப்பு.

இன்னொன்னு கரையில காஞ்சிருக்கறப்ப இறுக்கினது தண்ணியில ஊறினா இளகிடும். மொத அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு நின்னு, பார கீழ அமுக்கி பிடிச்சுக்கிட்டு மறுபடி இழுங்க. அமுக்கிட்டு இழுக்கறதுதான் முக்கியம், சும்மா இழுத்தா மேல ஏறின எடத்துலயே இறுகிடும், அது இன்னும் மோசம்.

கை நீட்டறத பத்தி. ஹூக்க விட வளையம் முன்னாடி தள்ளி தொங்குது, அதுக்கு மேல பழைய பெரிய சிக்கன் லூப்பும் சேந்தா தூரம் கூடத்தான் செய்யும். ஹூக்குக்குன்னு செஞ்ச பெரிய லூப்ப எடுத்துட்டு உங்க கண்ட்ரோல் பாருக்கு சின்ன லூப் கெடைக்குதான்னு பாருங்க, நெறய பார்ல மாத்தற மாதிரிதான் இருக்கும். அதுவரைக்கும் ட்ரிம் வார (கைட்டோட முன் கயிறுகள சுருக்கற வார்) கொஞ்சம் கூட இழுத்து வெச்சு ஓட்டுங்க. ஃப்ரண்ட் லைன் சுருங்கும், அதே பவர் வேணும்னா கண்ட்ரோல் பார இன்னும் உங்க பக்கம் இழுத்து பிடிக்கணும், ஆக நீங்க பிடிக்கற எடம் கைக்கு கிட்ட வந்துடும். ரொம்ப இழுத்துட்டா கைட் மந்தமா திரும்பும், அளவா பண்ணுங்க.

உப்புக்காத்து

ஐயோ. இப்பதான் டேப் வெச்சு அளந்தேன். பழசு 20, புதுசு 25. வாங்கறப்ப பெருசா இருந்தா வளையம் ஓட நெறய எடம் கெடைக்கும்னு நானா நெனச்சு எடுத்தேன். ஹார்னஸ் ஓரம் ரெண்டும் பார்ல முட்டிக்கிட்டுதான் நிக்குது, ஒரு விரல் கூட போகல.

எடம் நெறய இருந்தா நல்லதுதான்னு நெனச்சது தப்பா? அப்புறம் கயிற கொஞ்சம் டைட்டா கட்டிட்டா வளையம் முன்னாடி தொங்காது இல்ல, கைக்கு கிட்ட வந்துடும் இல்ல? அதையே பண்ணிடலாமான்னு யோசிக்கிறேன்.

சுக்கான்

பண்ணாதீங்க!! இதுக்காகவே லாகின் பண்ணேன்.

துணி காயப்போடற கொடிய நெனச்சு பாருங்க. தொய்வா கட்டின கொடியில ஈர போர்வைய போட்டா ஒண்ணும் ஆகாது, விறைப்பா கட்டின கொடியில அதே போர்வைய போட்டா ஆணியே பிடுங்கிக்கிட்டு வரும். அதே கணக்குதான் இங்கயும். கயிறு நடுவுல இழுபட்டு ரெண்டு பக்கமும் பாருக்கு 30 டிகிரி சாஞ்சு நின்னா, கயித்துல விழற இழுவிசை கைட் இழுக்கற அளவே. அந்த கோணம் 10 டிகிரியா கொறைஞ்சா கிட்டத்தட்ட மூணு மடங்கு. கைட் 60 கிலோ இழுத்தா கயித்துக்கு 170 கிலோவுக்கு மேல. முடிச்சு, பாரோட ஓட்ட, வார் எல்லாம் அத தாங்கணும். கயிறு கொஞ்சம் தொய்வா இருக்கறது குறை இல்ல, அது அப்டித்தான் இருக்கணும்.

உங்க பஞ்சு சமாச்சாரத்துக்கு வர்றேன். 5 மி.மீ டைனீமா புதுசுல 2 டன்னுக்கு மேல தாங்கற சாமான், ஆனா முடிச்சு போட்டா அதுல பாதி கூட போயிடும், வழுக்கற நார் அது. கயித்து முனைய கயித்துக்குள்ளயே நீளமா விட்டு ஸ்ப்ளைஸ் பண்ணா அந்த பலம் பெரும்பாலும் மிஞ்சும், ஆனா அதுக்கு கயித்தோட தடிமன் மாதிரி 70 மடங்கு நீளம் வரைக்கும் உள்ள போகணும்பாங்க, 5 மி.மீக்கு 35 செ.மீ! ஸ்லைடர் கயித்துல ரெண்டு முனைக்கும் அவ்ளோ எடம் இருக்காது. அதனாலதான் சொல்றேன், வீட்ல நானே கட்டிக்கறேன்னு எறங்காம ரெடியா வர்ற கயிற வாங்கி மாத்துங்க.

லேசா பஞ்சு பஞ்சா சிலுக்கறது சகஜம், மேல் நார் ஒண்ணு ரெண்டு அறுந்து ஒரு போர்வ மாதிரி நிக்கும். நீங்க பயப்பட வேண்டியது வேற. நகத்தால தடவறப்ப ஒரு எடத்துல மட்டும் ஒல்லியா இருக்கா, ஒரு எடம் மட்டும் கடினமா பளபளன்னு உருகின மாதிரி இருக்கா, முனையில பார் ஓட்டைக்குள்ள போற எடத்துல நார் வெட்டுப்பட்டிருக்கா. டைனீமா 150 டிகிரி பக்கத்துலயே உருகிடும், கயித்து மேல கயிறு உரசினா அந்த சூட்டுக்கு நேரா பலியாகும். வளையம் இல்லாம கயித்து லூப்ப நேரா ஸ்லைடர் கயித்துல மாட்டற ஆளுங்கள நான் பாத்திருக்கேன், ரம்பம் போட்டு அறுக்கற மாதிரிதான் அது. நீங்க ஸ்டீல் வளையம்னு சொன்னதால நிம்மதி.

அலைமகள்

எல்லாம் சரி, ஒருத்தர் கூட லீஷ் (கைட் கைவிட்டு போகாம பிடிச்சு வெக்கற பாதுகாப்பு கயிறு) எங்க மாட்டியிருக்கீங்கன்னு கேக்கலயே. உப்புக்காத்து தம்பி, சேஃப்டி லீஷ் எங்க இருக்கு?

உப்புக்காத்து

அக்கா, வளையத்துலதான். அதுல ஒரு சின்ன கண்ணி இருந்துச்சு, வசதியா இருந்துச்சுன்னு அதுலயே போட்டேன்.

அலைமகள்

நெனச்சேன். அடுத்த தடவ தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி மாத்திடுங்கப்பா. அந்த கயிறு அறுந்துச்சுன்னா வளையம் போகும், வளையத்தோட சிக்கன் லூப் போகும், லூப்போட லீஷும் போகும். கைட் தனியா பறந்து போகும், கீழ யார் நிக்கறாங்களோ அவங்க பாடு. லீஷ் ஹார்னஸ்லயே இருக்கற தனி கண்ணியில இருந்தா, கயிறு அறுந்தாலும் கைட் சேஃப்டி லைன்ல தொங்கி பவர் எறங்கி விழுந்துடும், உங்களோடயே இருக்கும். ஹூக்ல இந்த பிரச்சன அபூர்வம், ஸ்டீல் ஹூக் லேசுல உடையாது, அதனால இத யாரும் யோசிச்சே பழகல. கயித்துக்கு மாறினா யோசிச்சே ஆகணும்.

ரெண்டாவது, க்விக் ரிலீஸ். புதுசா எதையாவது மாத்தினா ரிலீஸ மறுபடி மொதல்லேர்ந்து சோதிக்கணும். ரிலீஸுக்குன்னே ஐஎஸ்ஓ 21853ன்னு 2020ல ஒரு தரம் வந்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா உங்க லூப்பும் உங்க வளையமும் சேந்து என்ன பண்ணும்னு உங்க கரையிலதான் தெரியும். எனக்கு ஒரு தடவ ரிலீஸ் தொறந்துச்சு, லூப்போட தொறக்கற முனையில இருக்கற குச்சி மட்டும் வளையத்துல சிக்கி நின்னுச்சு. கரையிலதான், கைட் இல்லாமதான், அதனால சிரிச்சோம். கைட்ட கட்டாம லூப்ப ஒரு மரத்துல கட்டிட்டு உடம்பு வெயிட் முழுசா சாஞ்சு ரிலீஸ தள்ளி பாருங்க. ஒரு தடவ இல்ல, இருபது தடவ. வளையம் நடுவுல இருக்கறப்ப, இடது ஓரத்துல, வலது ஓரத்துல. கண்ண மூடிக்கிட்டும் பண்ணுங்க. அப்புறம் திரும்ப மாட்டறது, அதான் பெரிய தொல்ல, ஹூக்ல லூப்ப ஒரு கையால சொருகிடலாம், இதுல குச்சிய வளையத்துக்குள்ள விட்டு ரிலீஸ மூடற வரைக்கும் ரெண்டு கையும் வேணும், அல மேல அல வர்றப்ப. இடுப்பளவு தண்ணியில பழகிக்கோங்க. ஓட்டி முடிச்சதும் ரிலீஸ நல்ல தண்ணியில அலசுங்க, உள்ள மணல் இருந்தா தொறக்காது.

கொக்கிக்காரன் அண்ணா, பன்னெண்டு வருஷத்துல லூப் தானா ஹூக்லேர்ந்து கழண்டதே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க :)

கொக்கிக்காரன்

ரெண்டு தடவ. லூப் ஹூக்லேர்ந்து நழுவாம தடுக்கற அந்த ப்ளாஸ்டிக் குச்சிய சரியா சொருகாம விட்டேன், என் தப்பு. லீஷ் பத்தி நீங்க சொன்னது சரிம்மா, எனக்கு அது தோணவே இல்ல.

உப்புக்காத்து

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், சொன்னபடி எல்லாம் பண்ணியாச்சு.

20 செ.மீ பார் மாத்தினேன். ரெண்டு பக்கமும் மூணு விரல் தாராளமா போகுது, அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு அமுக்கி இழுத்தேன், ரெண்டு மணி நேரம் அசையல. விலாவுக்கு லீவு. வளையம் ஓட எடம் கொறைஞ்சிடும்னு பயந்தேன், தண்ணியில வித்தியாசமே தெரியல. சின்ன லூப் போட்டதுல பாதி தூரம் கொறைஞ்சுது, மிச்சத்துக்கு ட்ரிம்ம ஒரு கட்ட விரல் அளவு இழுத்தேன், தோள் பரவால்ல, ஆனா காத்து கம்மியானா கைட் சோம்பலாத்தான் திரும்புது.

லீஷ் ஹார்னஸ் கண்ணிக்கு போயிடுச்சு. ரிலீஸ் இருபது தடவ சோதிச்சேன், பதினாலாவது தடவ வலது ஓரத்துல குச்சி சிக்குச்சு அக்கா, நெஜமாவே. வளையத்த திருப்பி மாட்டினதும் சரியாயிடுச்சு, அப்புறம் இன்னொரு இருபது.

சுக்கான் சார், பழைய கயிற வெட்டி பாத்தேன், வெளிய பஞ்சு மட்டும்தான், ஆனா பின்னலுக்குள்ள அவ்ளோ மணல். இனிமே கயிறையும் அலசணும் போல. ட்வின் டிப் எடுக்கற நாளுக்கு மட்டும் ஹூக் பார மாட்டிக்கறேன், கொக்கிக்காரன் அண்ணே சந்தோஷமா? ஸ்பேர் கயிறு ஒண்ணு கவர் பிரிக்காம பையில போட்டாச்சு.

சுக்கான்

கவர பிரிங்க. புது கயிறு மொத நாள் இழுபட்டு முடிச்சு இறுகறப்ப கொஞ்சம் நீளும், வளையம் முன்னாடி போகும், நீங்க வெச்ச ட்ரிம் மாறிடும். இப்பவே மாட்டி ஒரு நாள் ஓட்டி இறுக விட்டுட்டு, நீளம் சரி பண்ணி, அப்புறம் கழட்டி பையில வைங்க.