மறைகூடா, கரந்துறையா? கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்தும் ஹோல்ஸ்டருக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

கைத்துப்பாக்கியைச் செருகி உடம்போடு வைத்துக்கொள்ளும் ஹோல்ஸ்டர் என்பதற்குத் ‘துப்பாக்கியுறை’ போதும் என்றும், உடைக்குள் மறைத்து அணியும் வகைக்குக் ‘கரந்துறை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் முன்மொழிந்திருக்கிறீர்கள். கரந்துறை செவிக்கு இனிய சொல். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருக்கும் கரந்துறைப் பாட்டையும், பஞ்சாங்கம் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத கரந்துறை கோள்களையும் அறிந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்தத் தொடர்களில் வரும் ‘உறை’ உறைதல், அதாவது தங்குதல் என்னும் வினையாகும். ‘கரந்து’ என்னும் வினையெச்சம் அந்த வினையைத்தான் தழுவி நிற்கிறது. பெயர்ச்சொல்லாகிய உறையை அதனோடு ஒட்டினால் இலக்கணம் இடறும். ‘கரப்புறை’ என்று திருத்தினால் இலக்கணம் சரியாகிவிடும், கேட்பவர் மனத்தில் முதலில் கரப்பான்பூச்சி வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. வாளுறை போன்ற சிலவற்றை விலக்கிப் பார்த்தால், தமிழில் உறை என்பது பெரும்பாலும் உள்ளே இருப்பதன் வடிவத்தை வாங்கிக்கொள்வது. உள்ளே இருப்பதை எடுத்ததும் தளர்ந்துவிடுவது. தலையணை உறையும் கையுறையும் காலுறையும் அப்படித்தான். கைத்துப்பாக்கியை வைக்கும் பொருள் அவ்வாறு தளர்வதுதான் அதன் மிகப் பெரிய ஆபத்து என்பதை, முருகன்குறிச்சிப் பக்கம் தோல்வேலை செய்யும் ஒருவர் எனக்குக் கண்ணால் காட்டினார். உரிமம் பெற்ற ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பழைய தோல் ஹோல்ஸ்டர் அவர் கையில் இருந்தது. பல ஆண்டு வியர்வையில் ஊறி அதன் வாயின் ஓரம் நாக்குப்போல உட்புறம் மடங்கியிருந்தது. துப்பாக்கி வடிவில் செதுக்கிய மரக்கட்டையை அதில் மெல்ல இறக்கினார். மடங்கிய அந்தத் தோல்நாக்கு நேராக, சுடுவதற்கு இழுக்கும் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் புகுந்து, விரல் படவேண்டிய இடத்தில் போய் அழுத்தியது. “அண்ணாச்சி, வாய் தொளதொளத்துட்டுன்னா தச்சுக் குடுக்கக் கூடாது, தூரப் போட்டுரணும்” என்றார். துப்பாக்கியை உள்ளே வைக்கும்போதே அது வெடித்துவிடும் விபத்துகளுக்கு இவ்வாறு மடங்கும் தோலும் ஒரு காரணம்.

ஆகவே தலைச்சொல்லாக ‘உறை’க்கு மாற்றாகக் ‘கூடு’ என்பதைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி வைப்பதைக் கண்ணாடிக்கூடு என்கிறோம். கண்ணாடியை எடுத்த பின்னும் அது வாய் திறந்து, வடிவம் மாறாமல் இருக்கும். நல்ல ஹோல்ஸ்டரின் முதல் இலக்கணமும் இதுவே. இன்று பெரிதும் புழங்கும் கைடெக்ஸ் என்னும் நெகிழித் தகட்டைச் சூடாக்கி, துப்பாக்கியின் மேல் அழுத்தி வார்க்கிறார்கள். ஆறியதும் அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. விசையை முழுவதும் மூடுகிறது, ஒற்றைக் கையால் திரும்பச் செருக முடிகிறது, வியர்வையைக் குடிப்பதில்லை. விறைப்பாக இருப்பதால் இடுப்பில் உறுத்தும், எடுக்கும்போது ஓசை எழும், துப்பாக்கியின் மேற்பூச்சு உராய்ந்து தேயும் என்பவை அதன் குறைகள். தோல் உடம்போடு இணங்கும், ஓசையற்றது. ஆனால் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும் நம் ஊரில், அது வியர்வையை வாங்கி வைத்திருந்து இரும்புக்குத் துருவாகத் திருப்பிக் கொடுக்கும். நான் வாங்குபவனாக இருந்தால் உறுத்தலைப் பொறுத்துக்கொண்டு விறைப்பானதையே எடுப்பேன்.

இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று. திசையன்விளைப் பக்கத்துப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் வைத்துக்கொண்டுதான் மரம் ஏறுவார்கள். ஒரு கை மரத்தைப் பற்றியிருக்க, கண் பாளையைப் பார்த்திருக்க, மற்றொரு கை அரிவாளை எடுத்து வேலை முடித்துத் தடுமாறாமல் திரும்ப வைக்க வேண்டும். பெட்டியின் வாய் குழைந்தால் கூர் தொடையில் இறங்கும். கூர்மையான கருவியை உடம்போடு வைத்திருப்பவனுக்கு வேண்டியவை, கூர் மூடியிருத்தல், தானாக விழாதிருத்தல், வேண்டும்போது கைக்கு வருதல் ஆகிய மூன்றுமே. மறைத்து ஏந்தும் ஹோல்ஸ்டரில் இவற்றோடு நான்காவதாக மறைவு சேர்கிறது. அந்த நான்காவது, மூன்றாவதோடு எப்போதும் முரண்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதன் நன்மை தீமைகளின் சாரம். எவ்வளவு ஆழமாக மறைக்கிறோமோ அவ்வளவு தாமதமாகக் கைக்கு வரும்.

இடுப்புவாரின் உட்புறம் செருகும் வகையில் இந்த முரண் தெளிவாகத் தெரியும். வெளியே தொங்கவிட்ட சட்டையே அதை மறைத்துவிடும் என்பது பெரிய நன்மை. அதற்கு ஈடாகக் காற்சட்டையை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும், வார் தடிப்பாக இருக்க வேண்டும், எடுக்கும்போது முதலில் சட்டையை உயர்த்த வேண்டும். அடிவயிற்றுக்கு நேரே அணிபவர்களுக்குக் குழல்முனை தொடையின் பெரிய நாளத்தை நோக்கியிருக்கும் என்பதால், திரும்பச் செருகும்போது அவசரமே கூடாது. கணுக்காலில் கட்டும் வகை, காரில் உட்கார்ந்திருப்பவருக்கு வசதி. நிற்பவரும் நடப்பவரும் குனிந்துதான் எடுக்க வேண்டும். கக்கத்தில் தொங்கும் வகைக்கு மேலே கோட்டு வேண்டும், திருநெல்வேலியில் அதை யார் அணிவார்கள்? மேலும் அது கிடைமட்டமாகத் தொங்கினால் குழல்முனை பின்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் நாட்டில் 9 மி.மீ. குழல்விட்டத் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை ஆகையால், உரிமம் பெற்ற குடிமக்களிடம் பெரும்பாலும் .32 அங்குல அளவே காணப்படுகிறது. அதிலும் சுழல் துப்பாக்கியாக இருந்தால் தோட்டாக்கள் இருக்கும் உருளையின் பருமன் பக்கவாட்டில் புடைத்து, தட்டையான பிஸ்டலைவிட மறைப்பதற்குக் கடினமாகிவிடும்.

‘மறைத்து ஏந்துதல்’ என்பது அமெரிக்கச் சட்டத்தில் தனி உரிமமும் தனி வழக்காறும் கொண்ட கருத்து. 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநில உரிம விதி ஒன்றைச் செல்லாது என்றபோது விவாதிக்கப்பட்டது இதுவே. நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அப்படித் தனி உரிமம் கிடையாது. மாறாக, திருவிழா, சமய ஊர்வலம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி இன்றி ஆயுதத்தைக் கொண்டு போகலாகாது என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் ரத வீதிக்குப் போகும் உரிமதாரர், மறைவாக இருந்தாலும் வெளிப்படையாக இருந்தாலும், துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே நம் சொல், சட்டம் தராத உரிமை எதையும் தருவதுபோல் ஒலிக்காமல், பொருளை மட்டும் பெயரிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் முன்மொழிவு ‘மறைகூடு’. இது வினைத்தொகை, மறைந்த, மறைகின்ற, மறையும் கூடு என்று விரியும். மறைக்கும் செயலைக் கூட்டின்மேல் ஏற்றாமல், அது ஆடைக்குள் தான் மறைந்திருப்பதை மட்டும் சொல்கிறது. இடையில் ஒற்று மிகக்கூடாது. ‘மறைக்கூடு’ என்று எழுதினால் வேதத்துக்குரிய கூடாகப் பொருள் திரிந்துவிடும். இடுப்புவாரின் உட்புறம் செருகும் வகைக்கு ‘மடிக்கூடு’ என்று வைக்கலாம். வேட்டி மடியில் பணத்தையும் வெற்றிலையையும் செருகிப் பழகிய நமக்கு அந்த இடம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் கணுக்கால்கூடு, கக்கக்கூடு ஆகலாம். கக்கக்கூடு நாவில் சற்று இடறுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

1911 ஜூன் 17இல் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியைப் பற்றி இந்தச் சீமையில் நூறாண்டுக்கும் மேலாகப் பேசிவருகிறோம். ஆயுதத்துக்குத் தமிழில் சொல் நிலைத்துவிட்டது. அதை வைக்கும் பொருளுக்கு மட்டும் ஹோல்ஸ்டர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. ஆடைக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதை அமெரிக்கர்கள் அச்சிடுதல் என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். நாம் அதை அப்படியே பெயர்க்க வேண்டியதில்லை. மடியில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து “என்னடே, துருத்திக்கிட்டு நிக்கி?” என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். அதிலிருந்து ‘துருத்தல்’ என்று எடுத்துக்கொள்ளலாம். மறைகூட்டின் தரத்தைச் சொல்லும்போது ‘துருத்தல் குறைவு’ என்று எழுதினால் கடைக்காரருக்கும் விளங்கும். தோல்வேலைக்காரரிடம் இதைச் சொன்னபோது, எதையும் விளக்கச் சொல்லாமல், தான் புதிதாகத் தைத்துக்கொண்டிருந்த மடிக்கூடு இடுப்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்படி, அதன் கொக்கியை ஒரு விரற்கடை மேலே ஏற்றிக் குறித்துக்கொண்டார்.