பகுதியைப் பார்த்தாலே தெரியும்

தம்பி: சித்தப்பா, ஒரு சந்தேகம். 1/8 வகுத்தால் 0.125 என்று நின்றுவிடுகிறது. 1/7 நிற்கவே மாட்டேன் என்கிறது. கால்குலேட்டர் திரை நிறைந்துவிட்டது. எது நிற்கும், எது நிற்காது என்று வகுக்காமலே சொல்ல முடியுமா?

நான்: 7 பகா எண் என்பதாலா?

தம்பி: 5-உம் பகா எண்தானே அக்கா. 1/5 = 0.2 என்று நின்றுவிடுகிறதே.

சித்தப்பா: நல்ல கேள்வி. கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு 1/7-ஐத் தாளில் வகுத்துப் பார். ஒவ்வொரு படியிலும் மீதியைக் கவனி.

தம்பி: 10-இல் 1 தடவை, மீதி 3. 30-இல் 4, மீதி 2. 20-இல் 2, மீதி 6. 60-இல் 8, மீதி 4. 40-இல் 5, மீதி 5. 50-இல் 7, மீதி 1.

தம்பி: மறுபடி 1 வந்துவிட்டது!

சித்தப்பா: தொடங்கியதே 1-இல்தானே. அதனால் இனி 142857 திரும்பத் திரும்ப வரும். 7-ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 6 வரைதான் இருக்க முடியும். 0 வந்தால் வகுத்தல் முடிந்தது. வராவிட்டால் இருப்பது ஆறே மீதிகள், ஏதோ ஒன்று திரும்பி வந்தே தீரும். எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இப்படித்தான், ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் சுழலும்.

அத்தை: 2/7 போட்டுப் பாரு கண்ணா. 0.285714... அதே ஆறு இலக்கம், அதே வரிசை, தொடங்குகிற இடம் மட்டும் வேறு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது.

தம்பி: ஆமாம் அத்தை! மீதி 2 வந்த இடத்திலிருந்து அப்படியே தொடங்குகிறது.

நான்: சரி, எது நிற்கும் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

சித்தப்பா: 0.125 என்றால் 125/1000. நிற்கிற தசமம் எதுவானாலும் பின்னமாக்கி, அதன் பகுதியை, அதாவது கீழே இருக்கிற எண்ணை, 10, 100, 1000 என்று எழுதிவிடலாம். 10 = 2 × 5. 10-ஐ 10-ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் 2, 5 தவிர வேறு பகா எண் உள்ளே வராது. 8 = 2 × 2 × 2. மேலும் கீழும் 5 × 5 × 5-ஆல் பெருக்கு, 125/1000 கிடைத்துவிடும்.

தம்பி: 7-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 10, 100, 1000 வராது. புரிந்தது. அப்போ பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் நிற்காது. 3, 6, 12 எதுவும் நிற்காது.

நான்: 3/12 நிற்குமே. 0.25.

அத்தை: முதலில் சுருக்கணும். 3/12 என்பது 1/4. நிறையப் பேர் இதை மறந்துவிடுவார்கள்.

தம்பி: 7/40 சுருங்காது. 40 = 2 × 2 × 2 × 5. நிற்கும். எத்தனை இலக்கத்தில் என்றும் சொல்லலாமா?

சித்தப்பா: 2 மூன்று முறை, 5 ஒரு முறை. எது அதிகமோ அத்தனை இலக்கம்.

தம்பி: 0.175. மூன்றேதான்!

நான்: தசமத்திலிருந்து பின்னத்துக்குத் திரும்புவது எப்படி? 0.272727... என்ன பின்னம்?

அத்தை: சுழல்வது இரண்டு இலக்கம், அதனால் 100-ஆல் பெருக்கு. 27.272727... அதில் பழைய எண்ணைக் கழித்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அடிபட்டுப்போகும். அந்த எண்ணின் 99 மடங்கு 27. ஆக 27/99, சுருக்கினால் 3/11.

தம்பி: 0.9999...-க்கு இதையே செய்தால் 9 மடங்கு = 9. அப்போ எண் 1 என்று வருகிறதே! கொஞ்சமாவது குறைவாக இருக்க வேண்டாமா?

சித்தப்பா: எவ்வளவு குறைவு என்று சொல். 0.001 என்றால், நான்கு 9 எழுதியதுமே வித்தியாசம் 0.0001 ஆகிவிடும். இன்னும் சிறியதாகச் சொன்னாலும், மேலும் சில 9 எழுதினால் அதற்கும் கீழே போய்விடும். 9-கள் முடிவதே இல்லை, அதனால் நடுவில் இடைவெளியே கிடையாது. அது 1-ஏதான்.

அத்தை: 1/3 = 0.333... இரண்டு பக்கமும் 3-ஆல் பெருக்கிப் பாரு.

தம்பி: அட, ஆமாம்! அப்போ 0.125-ஐ 0.124999... என்றும் எழுதலாமா?

சித்தப்பா: தாராளமாக.

நான்: நிற்கவும் நிற்காமல் சுழலவும் செய்யாத தசமம் இருக்கிறதா?

சித்தப்பா: இருக்கிறது, ஆனால் அது பின்னம் ஆகாது. √2 அப்படிப்பட்டது. நீங்களே கூட ஒன்று உண்டாக்கலாம். 0.101001000100001... ஒவ்வொரு 1-க்கும் பிறகு ஒரு சுழியத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

தம்பி: இதில் எந்தத் துண்டும் சுழலாது, சுழியம் நீண்டுகொண்டே போகிறதே. நான் 2, 3 வைத்து ஒன்று செய்கிறேன்: 0.23223222322223...