உப்புத் தண்ணில கரண்ட் விட்டா காஸ்டிக் வராம ப்ளீச்சிங் வாடை வருது, ஏன்?

கேள்வி:
உப்புக் கரைசல்ல கரண்ட் விட்டா சோடியம் ஹைட்ராக்சைடு (காஸ்டிக்), குளோரின், ஹைட்ரஜன் மூணும் கிடைக்கும்னு புக்ல இருக்கு. நானும் டம்ளர்ல உப்பு கரைச்சு 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு பென்சில் முனையும் வச்சுப் பாத்தேன், மைனஸ் பக்கம் நுரையா பொங்குது, ப்ளஸ்ல கம்மியாதான் வருது, கொஞ்ச நேரத்துல ப்ளீச்சிங் பவுடர் வாடை. காஸ்டிக் எங்க போச்சு? சோடியம் ஏன் மைனஸ்ல படியல?

பதில் 1:
மொதல்ல ஜன்னல தொறந்து வைங்க, அது குளோரின். சோடியம் படிய -2.71 வோல்ட் வேணும், தண்ணி அதுக்கு ரொம்ப முன்னாடியே எலக்ட்ரான வாங்கிடும், அதான் அந்த நுரை, ஹைட்ரஜன். மிச்சமாகுற ஹைட்ராக்சைடு அங்கேயேதான் இருக்கு, அப்போ காஸ்டிக் உருவாச்சு. ஆனா எல்லாம் ஒரே டம்ளர்ல இருக்கறதால குளோரின் அதுகூட சேந்து ஹைப்போகுளோரைட் ஆயிடுச்சு, ப்ளீச்சிங்ல இருக்கற சரக்கு அதான்.

பதில் 2:
நான் செல் ஹவுஸ்ல, அதாவது ஃபேக்டரில உப்புக் கரைசலுக்கு கரண்ட் விடற எடத்துல இருக்கேன் தம்பி. இந்த குளோரினையும் காஸ்டிக்கையும் சேர விடாம வைக்கறதுதான் எங்க மொத்த வேலையும். நடுவுல ஒரு மெம்பரேன் (மெல்லிசான தடுப்புத் தாள்), சோடியம் அயனிய விடும், குளோரைடையும் ஹைட்ராக்சைடையும் தடுக்கும். ஒரு செல்லுக்கு 3 வோல்ட் சுமார்தான், ஆனா ஆம்பியர் ஆயிரக்கணக்குல. காஸ்டிக் 32 சதவீதத்துல வெளிய வரும், ஆவியாக்கி 50க்கு ஏத்துவோம்.

பிரைன்ல (செல்லுக்குப் போற உப்புக் கரைசல்ல) கால்சியமும் மெக்னீசியமும் சேந்து நூறு கோடியில 20 பங்குக்கு மேல இருக்கக் கூடாது. ஒருதடவை அதப் பிடிச்சு வைக்கற ரெசின் டவர சுத்தம் பண்ணி புதுசாக்கற வேலைய (ரீஜெனரேஷன்) தள்ளிப் போட்டுட்டாங்க, விடற கரண்டுக்கு கிடைக்கற காஸ்டிக் (கரண்ட் எஃபிஷியன்சி) எறங்கிட்டே வந்துச்சு, செல்ல பிரிச்சு மெம்பரேன வெளிச்சத்துல பிடிச்சா உள்ளுக்குள்ளயே வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு, கழுவினாலும் போகல. வயித்தெரிச்சலா இருந்துச்சு.

கேள்வி கேட்டவர்:
ஜன்னல தொறந்துட்டேன், நன்றி. மெம்பரேன் வர்றதுக்கு முன்னாடி எப்படிண்ணா பிரிச்சாங்க?

பதில் 2:
ஆஸ்பெஸ்டாஸ் டயாஃப்ரம் (கரைசல் ஊடுருவுற தடுப்பு) வச்சாங்க, அதுல காஸ்டிக்கோட உப்பும் கலந்தே வரும். இன்னொன்னு பாதரசம், 1892ல காஸ்ட்னரும் கெல்னரும் கொண்டு வந்தது. உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் இதுலதான் இருக்கு, பாதரசம் மைனஸா இருந்தா சோடியம் நெஜமாவே படியும், அதுலயே கரைஞ்சு ரசக்கலவை ஆயிடும். அத வேற தொட்டிக்கு கொண்டு போய் தண்ணி விட்டா உப்பு கலக்காத 50 சதவீத காஸ்டிக் நேரா கிடைக்கும். சரக்கு அருமை, ஆனா பாதரசம் ஆத்துக்கும் ஆளுக்கும் விஷம். பாதரசத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தம் இந்த முறைய நிறுத்த வச்ச கெடு 2025.