ஊசி என்றாலே மயக்கம்: உங்களில் யாருக்காவது உண்டா?

வேப்பமரம்:
எனக்கு வயது 34. நாளைக்கு ரத்தப் பரிசோதனை என்றால் இன்றைக்கே தூக்கம் போய்விடும். பிளஸ் டூ படிக்கும்போது ரத்த வகை பார்க்கப் பள்ளிக்கு வந்தார்கள். விரல் நுனியில் ஒரே ஒரு குத்து. காது அடைத்தது, கண் இருட்டியது, முழித்தபோது பெஞ்சுக்கு அடியில் கிடந்தேன். அப்புறம் வருடம் முழுக்க வகுப்பில் என் பெயரே 'ஊசி'தான். அது ரொம்ப வலித்தது.

வேலைக்குச் சேரும்போது ஒரு லேபில் "உடம்பைத் தளர்த்திக்கோங்க" என்றார்கள். தளர்த்தினேன், அப்படியே சாய்ந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு உளவியல் ஆலோசகரிடம் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. பல்லி, உயரம் போன்ற பயங்களில் படபடப்போடு ரத்த அழுத்தமும் ஏறும். மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் உடம்பைத் தளர்த்தினால் மயக்கத்துக்கு வழிவிட்ட மாதிரி. இறுக்கத்தான் வேண்டும். கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும் வரை 10-15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குவது, இப்படி 5 தடவை. சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் உருவாக்கிய முறை இது. ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட வேண்டும்.

தினமும் பழகினேன். போன மாதம் படுத்தபடி ரத்தம் கொடுத்தேன், மயக்கம் வரவில்லை. வீட்டில் சொன்னபோது அப்பா மெதுவாக, "எனக்கும் அப்படித்தான்டா" என்றார். இந்தப் பயம் குடும்பத்தில் தொடர்வது அதிகம் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். ஆனால் அப்பா இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

மதுரைக்காரி:
எனக்குப் பல்லி. குளியலறைச் சுவரில் ஒன்று இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளிப்பேன். "இத்தனூண்டு பல்லிக்கா?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் அழுகை வரும். 22 நாடுகளில் எடுத்த ஆய்வில் 100 பேரில் சுமார் 7 பேருக்கு வாழ்நாளில் இப்படி ஏதோவொரு பயம் இருந்திருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மடங்கு. உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும், ஆண்களில் எத்தனை பேர் வாயைத் திறக்காமலே இருக்கிறார்களோ என்று தோன்றியது.

ஏழாம்மாடி:
எனக்கு லிஃப்ட். தினமும் அலுவலகத்துக்கு 7 மாடி ஏறுகிறேன். உடற்பயிற்சி என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வேப்பமரம்:
என்னைப் போல இறுக்கத் தேவையில்லை, லிஃப்ட் பயத்தில் மயக்கம் வருவது அபூர்வம். எங்கள் ஆலோசகர் படிப்படியாகத்தான் பழக்குவார். முதல் நாள் திறந்த லிஃப்டுக்கு வெளியே சும்மா நில்லுங்கள். படபடப்பு அடங்கும் வரை நகர வேண்டாம். அது பழகியதும் நம்பிக்கையான ஒருவரோடு ஒரே ஒரு மாடி. முடிந்தால் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், நான் பதினாறு வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன்.