புதுப்பிப்பு: வசனம் கேட்காத பிரச்சினை தீர்ந்தது

'சுழல்' வெப் சீரிஸ் முதல் சீசனில் இசை காதைப் பிளக்குது, வசனம் மட்டும் முணுமுணுப்பா இருக்குன்னு போன வாரம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

பலன் தந்தது தருமபுரி நண்பர் சொன்ன வழி. டிவி செட்டிங்ஸ், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட்: 'ஆட்டோ'வை 'பிசிஎம்' ஆக்கணும். 5.1 ஒலியில் (ஆறு சேனலா பிரிச்ச ஒலி) வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் வரும். ஆப்டிகல் ஒயரில் மாட்டிய ரெண்டு பெட்டி ஸ்பீக்கர் அதைச் சரியாகக் கலக்கலை. பிசிஎம் வச்சா டிவியே கலந்து அனுப்பிடும். முதலில் முயன்ற 'கிளியர் வாய்ஸ்' (குரலைத் தூக்கிக் காட்டும் செட்டிங்) குரலைத் தகரம் மாதிரி ஆக்கிடுச்சு, வேண்டாம்.

எதிர்பாராதது: மொத்தச் சத்தமும் குறைஞ்சது, வால்யூம் 18லிருந்து 24க்கு ஏத்தணும். உதட்டசைவும் கொஞ்சம் பிசகுச்சு; 'ஆடியோ டிலே'யை 0 ஆக்கினதும் சரி.

8 எபிசோடையும் முடிச்சாச்சு. நடுவில் இழுவைதான். ஆனா காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை (அங்காளம்மன் கோயில் திருவிழா) பார்த்த நம்ம பக்கத்துக்காரங்க சீரிஸில் வர்ற அந்தத் திருவிழாக் காட்சிகளைத் தவறவிடாதீங்க, பம்பை மேளச் சத்தத்துக்கு நடுவிலும் இப்போ ஒவ்வொரு சொல்லும் தெளிவு.