மறு: ஸ்விட்சுக்கு என்ன பெயர்? நிலைமாற்றி, ஆளி, மடைமாற்றி

அனைவருக்கும் வணக்கம்.

கணினிகளைக் கேபிளால் இணைத்துவைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டியைத் தமிழில் நிலைமாற்றி என்பதா, ஆளி என்பதா, மடைமாற்றி என்பதா என்று இந்த இழையில் நடக்கும் பேச்சை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்காக நான் தயாரித்துவரும் சிறு கையேட்டில், "இணைப்பு கிடைக்காவிட்டால் முதலில் நிலைமாற்றியை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடவும்" என்று ஒரு வரி இருந்தது. சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். பொறுப்பாளர் வரியைப் படித்தார், நேரே சுவர்ப் பக்கம் போனார், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். இருபது கணினியும் ஒரே மூச்சில் கண்ணை மூடின. அவர்மேல் தப்பே இல்லை. நான் எழுதியதைத்தான் அவர் செய்தார்.

> நிலைமாற்றி புழக்கத்தில் இருக்கும் சொல். இருப்பதை ஏன் கலைக்கவேண்டும்?

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஒரு பொருளுக்கு நாலு சொல் உலவினால் படிக்கிற பிள்ளைகள்தான் திண்டாடுகிறார்கள். நெட்வொர்க்குக்கே பிணையம், வலையமைப்பு, வலைப்பின்னல் என்று மூன்று கொடி பறக்கிறது. ஆனால் நிலைமாற்றி என்ற சொல் எதைப் பார்த்துப் பிறந்தது? விளக்கைப் போட்டு அணைக்கும் பொத்தானைப் பார்த்து. எரியும் நிலை, அணைந்த நிலை, இரண்டுக்கும் இடையே மாற்றுவது. அதற்கு நல்ல சொல்தான். நாம் பேசுகிற பெட்டியோ வாங்கிவந்த நாள் முதல் ரேக்கில் ஒரே நிலையில் எரிந்துகொண்டு கிடக்கிறது. வருகிற தரவு எந்த வாசலுக்கு உரியது என்று பார்த்து அந்த வாசலில் மட்டும் விடுவது அதன் வேலை.

அந்த ஆங்கிலப் பெயரும் கல்வெட்டு இல்லை. அது தொலைபேசியிலிருந்து வந்தது. பழைய எக்ஸ்சேஞ்சில் ஒருவர் உட்கார்ந்து, பேச விரும்பும் இருவரின் கம்பிகளைச் செருகி இணைப்பார். அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர், சவ அடக்கத் தொழில் செய்தவர், ஆள் தலையிடாமல் இணைக்கும் கருவிக்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். தனக்கு வரவேண்டிய அழைப்புகள் எக்ஸ்சேஞ்சில் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடப்படுகின்றன என்று அவர் சந்தேகப்பட்டதுதான் காரணம் என்று கதை சொல்வார்கள். (இந்தக் கதையை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.) 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில், கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறை பிறந்தபோது ஸ்விட்ச் என்ற பொருளே அதில் கிடையாது. ஒரே கோஆக்சியல் கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கின. பிறகு இரண்டு துண்டு ஈதர்நெட்டை இணைக்கும் பிரிட்ஜ் வந்தது. 1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம், ஆமாம், நம்ம ஊர்ப் பெண் பெயர்தான், ஏழு துறை (கேபிள் செருகும் போர்ட்) கொண்ட பெட்டி ஒன்றை ஈதர்ஸ்விட்ச் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1994-இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வேலையைப் பார்த்தால் அது பல துறை கொண்ட பிரிட்ஜ்தான். பெயர் கடைக்காரர் வைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

> எங்கட பக்கம் ஸ்விட்ச் எண்டால் ஆளிதானே? பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் அதுதான்.

அக்கா, ஆளி எனக்கு மிகவும் பிடித்த சொல். இரண்டே எழுத்து, ஆள்கிறது என்ற பொருள், எதை வேண்டுமானாலும் முன்னால் ஒட்டலாம். ஆனால் அதுவும் சுவரில் இருக்கிற பொத்தானுக்கு உரியது. யாழ்ப்பாணத்து ஆய்வகத்தில் "ஆளியை அணைக்கவும்" என்று எழுதிக் கொடுத்தாலும் இருபது கணினி அணையத்தான் போகிறது. தவிர தமிழ்நாட்டுப் பக்கம் ஆளி என்றால் கோயில் தூணில் நிற்கும் மிருகம், இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஆளிவிதை.

சரி, மடைமாற்றிக்கு வருகிறேன். தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி வருகிறது. மண்வெட்டியோடு நிற்பவர் நிறைந்த பாத்தியின் மடையை அடைத்து, அடுத்த பாத்தியின் மடையை வெட்டிவிடுகிறார். "மடை மாத்தி விடு" என்பது அங்கே அன்றாடப் பேச்சு. எங்கே தண்ணீர் போகவேண்டும் என்று பார்த்து அந்த வாயை மட்டும் திறப்பது. ஸ்விட்ச் செய்வதும் அதுதான்.

இந்தச் சொல்லை எடுத்தால் ஹப்புக்கும் ஸ்விட்சுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஹப் என்பது எல்லா மடையையும் ஒருசேரத் திறந்துவைத்த தோட்டம். ஒரு துறையில் வந்த சமிக்ஞையை மற்ற எல்லாத் துறைகளிலும் அப்படியே கொட்டும். யாருக்கு வந்தது என்பது அதற்குத் தெரியாது. எட்டுக் கணினி இருந்தால் ஹப்பின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் எட்டும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மறுபடி முயலவேண்டும். ஸ்விட்ச் அப்படியில்லை. ஒவ்வொரு கணினியின் இணைப்பு அட்டைக்கும் 48 பிட் கொண்ட மேக் முகவரி உண்டு. ஒரு சட்டகம் (ஃபிரேம், அதாவது முகவரி எழுதிய தரவுத் துண்டு) உள்ளே வரும்போது, அனுப்பியவரின் மேக் முகவரியையும் அது வந்த துறையையும் ஸ்விட்ச் குறித்துவைக்கிறது. அடுத்த முறை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் அந்த ஒரு துறையை மட்டும் திறக்கிறது. முகவரி பட்டியலில் இல்லையென்றால், வந்த துறை தவிர மற்ற எல்லாவற்றிலும் விட்டுப்பார்க்கிறது. பதில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு முகவரியிலிருந்து பேச்சே இல்லாவிட்டால் பெரும்பாலும் 300 நொடியில் மறந்தும்விடுகிறது. அதாவது தெரியாத வரை ஹப் மாதிரி, தெரிந்த பிறகு மடைமாற்றி.

லூப் ஆவதையும், அதாவது தரவு போன பாதையிலேயே சுற்றிச் சுற்றி வருவதையும், இந்தச் சொல்லைக் கொண்டே சொல்லலாம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர், தரையில் சும்மா கிடந்த கேபிள் முனையைப் பார்த்து, பாவம் என்று எடுத்து ஸ்விட்சில் செருகிவிட்டார். மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருந்தது. விலை மலிவான பெட்டி, லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஏற்பாடு கிடையாது. பாய்ந்த தண்ணீரே சுற்றிக்கொண்டு வாய்க்கால் தலைக்கு வந்து மறுபடி பாய்ந்தது. எல்லோருக்கும் என்று அனுப்பிய சட்டகங்கள் சுற்றிச் சுற்றிப் பெருகி, ஐந்து நிமிடத்தில் அலுவலகம் முழுவதும் முடங்கியது. ஐபி பொதிக்காவது (இணையத்தில் போகும் பாக்கெட்) ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு திசைவியை (ரௌட்டர்) கடக்கும்போதும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துப்போகும். ஈதர்நெட் சட்டகத்துக்குச் சாவே கிடையாது. இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். சுற்றி வரும் பாதைகளில் ஒன்றைத் தானே அடைத்துவைக்கும் ஏற்பாடு. அடைத்த மடை!

> மடை ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கும். ஸ்விட்சில் ஒரே நேரத்தில் பத்து ஜோடி பேசுமே?

தம்பி, இது சரியான கேள்வி. 24 துறை கிகாபிட் பெட்டி ஒன்று, எல்லாத் துறையும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடினால், நொடிக்கு 48 கிகாபிட்டைக் கையாளவேண்டும். ஒரு மண்வெட்டிக்காரரால் ஆகிற காரியமில்லை. ஆனால் சொல் பொருளின் ஒரு முகத்தைக் காட்டினால் போதும். கணினி கணக்குப் போடுவதற்கு மேல் என்னென்னவோ செய்கிறது, அதற்காக யாரும் பெயரை மாற்றச் சொல்லவில்லை.

எனக்கு உண்மையாகவே உறுத்துவது வேறு. "நிதி மடைமாற்றம்" என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, இந்தச் சொல்லில் ஒரு திருட்டு வாடை ஏறிவிட்டது. போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறெங்கோ திருப்புவது என்ற பொருள். ஸ்ட்ரோஜர் சந்தேகப்பட்டதும் அந்த மடைமாற்றத்தைத்தான். நெட்வொர்க்கிலும் அப்படி ஒரு குற்றம் உண்டு. இந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று ஒரு கணினி கேட்கும்போது பொய்யான பதிலை (ஏஆர்பி பதில்) அனுப்பி, அடுத்தவருக்குப் போகவேண்டிய தரவைத் தன் கணினிக்கு இழுத்துக்கொள்வது. அதைத் தமிழில் எழுதும்போது கை தானாக "மடைமாற்றுகிறார்கள்" என்றுதான் எழுதும். இரண்டு நாள் யோசித்தேன். கருவிக்கு மடைமாற்றி என்றும், குற்றத்துக்குத் திருப்பிவிடுதல் என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு. வயலில் இந்தச் சொல்லுக்குக் களங்கமே இல்லை. செய்தித்தாளுக்குப் பயந்து வயலை விட்டுக்கொடுக்கவேண்டாம்.

வேறு பரிந்துரைகளை வேகமாகப் பார்த்துவிடுகிறேன். இணைப்பி வேண்டாம், அது கேபிள் முனையில் கிரிம்ப் செய்கிற ஆர்ஜே45-க்கு வேண்டும். வழிமாற்றி என்றால் இணையப் பக்கத்தைத் திருப்பிவிடுவதோடு குழம்பும். தேர்ந்தெடுப்பது என்ற பொருளில் "பொறுக்கி" என்று எழுதியவர் சிரிக்கத்தான் எழுதினார் என்று நம்புகிறேன், சிரித்தேன்.

திசைவியைத் தொடவேண்டாம். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆற்றுப்படுத்தி என்று ஒருவர் சொன்னது அழகுதான். ஆற்றுப்படைப் பாட்டில் போய்வந்த பாணன் வழியில் கண்ட பாணனுக்குப் பாதை சொல்வதுபோலத்தான் ஒரு திசைவி பக்கத்துத் திசைவிக்குத் தனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறது. ஆனால் ஆற்றுப்படுத்துநர் என்பதை உளவியல் துறையினர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவர்களிடமே இருக்கட்டும். திசைவிக்கும் மடைமாற்றிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நான் தபாலைச் சொல்வேன். 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடில் முதல் எண் 6 என்றாலே தெற்குப் பக்கம் என்று தெரிந்துவிடும், ஆளைத் தெரியவேண்டியதில்லை. ஐபி முகவரியின் முன்பகுதியைப் பார்த்து வெளியூருக்கு அனுப்பும் திசைவி அப்படி. தெருவுக்குள் இன்னார் வீடு எது என்று மனப்பாடமாக வைத்திருக்கும் தபால்காரர் மடைமாற்றி. வீட்டில் மூலையில் கிடக்கும் பெட்டி திசைவி, மடைமாற்றி, வைஃபை மூன்றையும் ஒரே உடம்பில் செய்கிறது. பல வீடுகளில் ஃபைபர் முனையமும் அதுவே. நாம் அதை "மோடம்" என்கிறோம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடலாம்.

கடைசியாக, ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க நான் செய்கிற சோதனை: அதை வாக்கியங்களில் போட்டு இழுத்துப் பார்ப்பது. "24 துறை மடைமாற்றி ஒன்று வேண்டும்." "மூன்றாம் அடுக்கு மடைமாற்றி." "பொதி மடைமாற்றம், சுற்று மடைமாற்றம்." "மடைமாற்றியின் முகவரிப் பட்டியல் நிரம்பிவிட்டது." எதுவும் பல்லில் இடறவில்லை. போர்ட்டுக்கு நாம் ஏற்கெனவே துறை என்று வைத்திருக்கிறோம். ஆற்றுத் துறையும் வயல் மடையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யாரும் திட்டமிடாதது.

ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பலமான மறுப்பு வராவிட்டால் கையேட்டில் மாற்றிவிடுகிறேன். அந்த வரி இனி இப்படி இருக்கும்: "இணைப்பு கிடைக்காவிட்டால், ரேக்கில் உள்ள மடைமாற்றியின் மின்கம்பியை மட்டும் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகவும். சுவரில் எதையும் தொடவேண்டாம்."

பி.கு.: ஹப்பை இன்று யாரும் வாங்குவதில்லை, ஆனால் பாடத்தில் இருக்கிறது, யூஎஸ்பி ஹப்பாக மேசையிலும் இருக்கிறது. வண்டிச் சக்கரத்தில் ஆர்க்கால்கள் வந்து கூடும் நடுக்கட்டைக்குக் குடம் என்று பெயர். ஆங்கிலத்திலும் ஹப் என்பது அதே கட்டைதான். "யூஎஸ்பி குடம்" என்றதும் என் மகள் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.