வளைகுடாவுக்குப் புதிதாக வந்து சர்வர் வேலையில் சேர்ந்தவர்களுக்கு: ஃபென்சிங்கை அணைக்காதீர்கள்

கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அறை, விசா, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் வேலையிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளஸ்டர் என்பது சேர்ந்து சேவைகளை நடத்தும் சர்வர்களின் கூட்டம்; ஃபென்சிங் என்பது அதில் பதில் சொல்லாத சர்வரை டிஸ்கிலிருந்தோ மின்சாரத்திலிருந்தோ துண்டித்து ஒதுக்கும் பாதுகாப்பு.

"கிளஸ்டரில் புது டிஸ்க் சேர்க்க வேண்டும், ஃபென்சிங்கைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு வேலையை முடி" என்று மேலதிகாரி சொல்லக்கூடும். விசா அவர்கள் கையில் இருப்பதால் சரி என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள்.

கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கர் மென்பொருளில் ஸ்டோனித்தை (ஃபென்சிங்குக்கு அதில் உள்ள பெயர்) அணைத்துவிட்டால், பதில் சொல்லாத சர்வர் பத்திரமாக நின்றுவிட்டது என்றே கிளஸ்டர் எடுத்துக்கொள்ளும். அது உயிரோடுதான் இருக்கிறது, நெட்வொர்க் மட்டும் அறுந்தது என்றால் இரண்டு சர்வர்களும் ஒரே டிஸ்கில் எழுதும், தரவு பாழாகும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயில் தாமதமாகிறது என்பதற்காக அந்தக் காற்றுமானியைக் கழற்றச் சொல்லியிருப்போமா?

அவர்கள் ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பொது டிஸ்கிலிருந்தே சர்வரைத் துண்டிக்கும் ஃபென்ஸ் ஸ்கஸி முறையில் ஒவ்வொரு சர்வரும் டிஸ்கில் தன் சாவியைப் பதிந்துகொண்ட பிறகுதான் சேவைகள் எழும்பும். சாவி நீக்கப்பட்ட சர்வரால் அதில் எழுத முடியாது. அந்த ஃபென்சிங் சாதனத்தின் டிஸ்க் பட்டியலை வழக்கமான அப்டேட் கட்டளையால் மாற்றினால், எல்லாச் சர்வர்களும் மறுபடி பதிய வேண்டும் என்று கிளஸ்டர் முடிவெடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் நின்று எழும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது: 'பிசிஎஸ் ஸ்டோனித் அப்டேட்-ஸ்கஸி-டிவைசஸ்'. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8.5 இல் வந்தது. சேவைகளைத் தொடாமல் பட்டியலை மட்டும் மாற்றும்.

இதில் 'செட்' என்று கொடுத்தால் நீங்கள் எழுதுவதுதான் முழுப் பட்டியல். புது டிஸ்கை மட்டும் எழுதினால் பழையவை பட்டியலிலிருந்து போய்விடும்; எனவே பழையவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிக்கவே வேண்டாம். அந்தப் பெயர் சர்வருக்குச் சர்வர் மாறும். நிலையான அடையாளப் பாதையைக் கொடுங்கள்.

ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃபென்சிங் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. கடவுச்சொல்லைச் சாதாரண அப்டேட்டிலேயே மாற்றலாம், மற்ற சேவைகள் நகராது. மாற்றியதும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் நிலையைக் கேட்டுப் பாருங்கள். பார்க்காவிட்டால், கடவுச்சொல்லில் ஓரெழுத்துத் தவறியதும் ஆபத்து நேரத்தில் தெரியவரலாம்.

மேலதிகாரியிடம் வாயால் வாதாட வேண்டாம். மாற்ற அனுமதிப் படிவத்தில் எந்தக் கட்டளை, எது நிற்கும், எது நிற்காது என்று எழுதிக் கொடுங்கள். எழுத்தில் வந்ததை இங்கே மதிக்கிறார்கள். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதற்காக ஒதுக்க மாட்டார்கள். உங்கள் பதிப்பில் அந்தக் கட்டளை இல்லையென்றால், சேவைகள் நின்று எழும் என்பதையும் அதிலேயே எழுதி, நள்ளிரவு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருக்கும் துணைக் குழுவுக்கு நேரம் சொல்லும்போது துபாய் நேரமா, இந்திய நேரமா என்று குறிப்பிடுங்கள்; ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது.